வந்து பார் என்று கூப்பிட்டவர்களுக்கு

அன்புள்ள ஆச்சிமார், அண்ணாச்சிமார், மைனிமார், தம்பி தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

2023 வைகாசியில் எழுத ஆரம்பித்தேன். இந்த வைகாசியோடு ஒரு வருடம் ஆகிறது. தாமிரபரணி, அதன் கால்வாய்கள், அந்தத் தண்ணீரை நம்பிப் பிழைக்கிறவர்கள், அப்புறம் தெற்கே பனங்காடு என்று, திருநெல்வேலியிலிருந்து பஸ் பிடித்துப் போய் வரக்கூடிய ஊர்களைப் பற்றித்தான் எழுதினேன். எழுத வந்தபோது எழுதி, தெரிந்தவர்களுக்கு அனுப்பினேன். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். படித்தவர்கள் பலர், "இவ்வளவு விவரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் நீங்கள் கொடுத்தது. அதை நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் சிலர் கறாராகச் சொல்லிவிட்டதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதலில் லஸ்கர் அண்ணாச்சி. பொதுப்பணித்துறையில் கால்வாய்க் கரையையும் மதகுகளையும் பார்த்துக்கொள்கிற லஸ்கர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆற்றில் எட்டு அணைக்கட்டு என்பது நாம் எல்லோரும் படித்ததுதான். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். எட்டும் சேர்ந்து 86,000 ஏக்கருக்கு மேல் பாய்கிறது. இதை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதலாம் என்று அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "போன்ல சொன்னா வெளங்காது தாயி. கல்லிடைக்குறிச்சிக்கு வா, கரையில நடந்துக்கிட்டே பேசுவோம்" என்றார்.

கன்னடியன் கால்வாய்க் கரையில் அவரோடு நடந்த காலைப்பொழுதுதான் இந்த வருடம் எனக்குக் கிடைத்த பெரிய படிப்பு. கால்வாய்க்கும் ஆற்றுக்கும் இடையில்தான் வயல் இருக்கிறது, மறுபக்கம் புஞ்சை மேடு என்பதை நான் அதுவரை கவனித்ததே கிடையாது. ஆற்றை விட்டுப் பிரிந்த கால்வாய் கூடுமானவரை மேட்டை ஒட்டியே போக வேண்டும், அப்போதுதான் இறங்கி இறங்கிப் பாய நிலம் கிடைக்கும் என்று குச்சியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். பேசிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் குனிந்தார். கரையின் உட்பக்கம், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. நண்டு வளை. களிமண்ணை அள்ளி உருட்டி உள்ளே திணித்துக் குதிகாலால் மிதித்தார். "தண்ணி நிறைஞ்சு ஓடுத ராத்திரியில இதுவொண்ணு போதும், கரையத் தூக்கிட்டுப் போயிரும்" என்றார். ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகியும் அந்தக் கால் தானாகவே மிதிக்கிறது. 12,500 ஏக்கர் பாய்கிற கால்வாய் இப்படிப்பட்ட கால்களால்தான் நிற்கிறது என்று அன்றைக்கு விளங்கியது.

கன்னடியன் கதையையும் அவர்தான் சொன்னார். கன்னட தேசத்திலிருந்து வந்தவர் ஒருவர், பசு ஒன்றின் பின்னாலேயே நடந்து, அது போன வழியில் கால்வாயும் அது படுத்த இடத்தில் குளமும் வெட்டினார் என்பார்களே, அதுதான். சொல்லி முடித்து, "கதைய நம்புன்னு சொல்லல. மாடு சும்மா மேட்டுல ஏறாது, பள்ளத்துல எறங்காது. அது மாதிரி மட்டம் பாத்து நடந்திருக்கான் மனுசன். அதச் சொல்லுதேன்" என்றார். அண்ணாச்சி, அந்தக் கட்டுரையைப் பாராட்டியவர்கள் எல்லோரும் இந்த இடத்தைத்தான் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு உங்களுக்குச் சேர வேண்டியது.

பத்தமடையில் பாய் நெய்கிற லாத்தாவுக்கு (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) எப்படி நன்றி சொல்ல என்று தெரியவில்லை. பத்தமடைப் பாயைப் பற்றி எழுதாதவர்கள் கிடையாது. பட்டு மாதிரி மடியும், கைக்குள் அடங்கும் என்று ஆளாளுக்கு எழுதியாயிற்று. நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். லாத்தா என்னைத் தறிப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கோரையைக் கீறி உள்ளே இருக்கிற வெள்ளைச் சோற்றைக் கத்தியால் வழித்தெடுப்பது, வெயிலில் காயப் போடுவது, கட்டாகக் கட்டி ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப் போடுவது, மறுபடியும் காய வைத்து நார் நாராகக் கிழிப்பது என்று ஒவ்வொன்றையும் செய்து காட்டினார்கள். ஒரு கோரையை என் கையில் கொடுத்துக் கிழிக்கச் சொன்னார்கள். பாதியில் அறுந்தது. இன்னொன்று கொடுத்தார்கள். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் நெய்கிற இடத்தில் எப்படிக் கோரை மாறுகிறது என்பதையும் பொறுமையாகக் காட்டினார்கள்.

கிளம்பும்போது அவர்கள் சொன்னது இது: "அழகா இருக்கு அழகா இருக்குன்னு எழுதிட்டுப் போயிராத. நாள் முழுக்கத் தரையில ஒக்காந்து முட்டும் இடுப்பும் விட்டுப்போவுது. ஒரு பாய்க்கு எத்தன நாளு, கையில எவ்வளவு நிக்கின்னு எழுது." எழுதினேன். புவிசார் குறியீடு கிடைத்த பொருளுக்கு விலை கேட்கும்போது நாம் பேரம் பேசுகிறோம். அந்த வீட்டில் உட்கார்ந்து வந்த பிறகு என்னால் எந்தக் கைவேலைக்கும் பேரம் பேச முடியவில்லை. லாத்தா, அந்தப் புத்தியும் நீங்கள் கொடுத்ததுதான்.

டவுன் ஆச்சிக்குக் கண் பார்வை மங்கல். போன் பக்கமே போக மாட்டார்கள். ஆனால் நான் எழுதியது எல்லாவற்றையும் வரிவிடாமல் படித்தவர்கள் அவர்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். அதற்கு ஜங்ஷன் ஜெராக்ஸ் கடைத் தம்பிதான் காரணம். முதல் தடவை பிரிண்ட் எடுக்கப் போனபோது யாருக்கு என்று கேட்டான். சொன்னேன். எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு வரி இடம் விட்டு, இரண்டு பக்கத்தை ஐந்து பக்கமாக்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு பக்கத்துக்கு மட்டும் காசு வாங்கினான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படியேதான். தம்பி, உனக்கு இது சின்ன வேலையாக இருந்திருக்கலாம். ஆச்சி அந்தத் தாள்களை மஞ்சள் பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருக்கிறார்கள்.

படித்தோமா வைத்தோமா என்று ஆச்சி விடுவதில்லை. "ஆத்தப் பத்தி இம்புட்டு எழுதுதியே, ஊத்துத் தண்ணியப் பத்தி ஏன் எழுதல?" என்று கேட்டார்கள். பங்குனி, சித்திரையில் ஆறு ஓரமாக ஒதுங்கி ஓடும்போது, பெண்கள் மணலில் குழி தோண்டி ஊற்று எடுப்பார்களாம். முதலில் ஊறுகிற தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட வேண்டும். அடுத்து ஊறித் தெளிந்ததைத்தான் சிரட்டையால் மோந்து குடத்தில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் கலங்கிவிடும். வரிசையில் நிற்கும் நேரத்தில்தான் பாதிக் கல்யாணம் பேசி முடியும் என்றார்கள். மணலை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போன பிறகு ஊற்று எங்கே தோண்டுவது? நான் எழுதியதில் எனக்குப் பிடித்தது ஊற்றைப் பற்றி எழுதியதுதான். அதில் என் சொந்தச் சரக்கு என்று எதுவும் கிடையாது. ஆச்சி சொல்லச் சொல்ல எழுதினேன், அவ்வளவுதான்.

திசையன்விளைப் பக்கத்து அண்ணாச்சி பனை ஏறப் போகும்போது கூடவே வரச் சொன்னார். காலையில் பதநீர் இறக்கவும், சாயங்காலம் பாளையைச் சீவவும் என்று ஒரே மரத்தில் தினமும் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவவில்லை என்றால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இது பலருக்கும் தெரிந்திருக்கும். எனக்குப் புதிதாக இருந்தது அடுப்படி. அண்ணாச்சியின் மனைவியான மைனி பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நுரை பொங்கிச் சட்டி விளிம்புக்கு வந்தது. இடித்து வைத்திருந்த ஆமணக்கு முத்தை ஒரு சிட்டிகை தூவினார்கள். அத்தனை நுரையும் அடங்கிவிட்டது. பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி வரிசையாக ஆற வைத்தார்கள். புகையில் கண் சிவந்து நின்ற மைனி, "ஒங்க கட்டுரையில மரம் ஏறுதவங்கதான் வருவாங்க. அடுப்புல நிக்கிறவளையும் சேத்து எழுதுங்க" என்றார்கள். ஆண் ஏறுகிற நேரத்தைவிட அடுப்பு எரிகிற நேரம் அதிகம் என்பதை நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மைனி கொடுத்தனுப்பிய கருப்பட்டிக்கும் சேர்த்து நன்றி.

பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளத்துப் பிள்ளைகளுக்கும் நன்றி. கூட்டிலிருந்து விழுந்த மஞ்சள் மூக்கு நாரைக் குஞ்சை எப்படித் தூக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருப்பது உங்களுக்குப் பெரிய விஷயமாகவே படவில்லை.

அடுத்து டிசம்பர். 2023 டிசம்பர் 17, 18. நம் பகுதியில் யாராலும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கைலாசபுரத்தில் எங்கள் வீடு தரைத்தளம். பெரியவர்கள் குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பார்த்துத்தான் வெள்ளத்தை அளப்பார்கள். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில், வெள்ளம் வந்தால் உற்சவரைக் கரையில் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். 1992 வெள்ளத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுத் தாத்தா, "இது அதுக்கும் மேல போவும் போல இருக்கே, சாமானத் தூக்குங்க" என்று தெருவில் நின்று சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு எங்கள் தெருவே கடன்பட்டிருக்கிறது.

மாடி வீட்டு மைனியும் அவர்கள் பையன்கள் இருவரும் முதலில் என் மாமியாரைத் தூக்கினார்கள். பிறகு அரிசி, சிலிண்டர், துணிமணி. முழங்காலுக்குத் தண்ணீர் வந்த பிறகு சின்னவன் திரும்பவும் உள்ளே போனான். அலமாரியின் அடித்தட்டில் இருந்த என் நோட்டுகளை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். யாரும் சொல்லவில்லை. "அத்தை எழுதுதது இதுலதான இருக்கு" என்றான். பாதி நனைந்திருந்தது. கரண்ட் கிடையாது. வெயில் வந்ததும் மைனி மொட்டைமாடியில் நோட்டுகளைப் பிரித்து, தாளுக்கு நடுவில் செய்தித்தாளை வைத்து, மேலே கல் வைத்து, மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டார்கள். தன் வீட்டு மெத்தை நனைந்து கிடந்த நேரம் அது. மை கரைந்துபோன பக்கங்களுக்காக லஸ்கர் அண்ணாச்சியைத் திரும்பக் கூப்பிட்டேன். மதகு மதகாக, குளம் குளமாக முதலிலிருந்து சொன்னார். ஒரு சலிப்பு இல்லை.

அதே நாட்களில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. சுமார் 800 பேர். சுற்றிலும் வெள்ளம். பக்கத்தில் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் இருந்த அரிசி பருப்பைக் கொண்டுவந்து சமைத்துப் போட்டார்கள். அந்த ரயிலில் இருந்த அக்கா ஒருவர் எனக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சொன்ன அக்காவுக்கும், நான் முகம் பார்த்திராத புதுக்குடிக்காரர்களுக்கும் என் கும்பிடு. நம் ஊர் என்றால் அல்வா, அரிவாள் என்றே பேசிப் பழகியவர்களிடம் இனி நான் இதைத்தான் சொல்வேன்.

பாளையங்கோட்டை நூலகத்தில் பழைய மாவட்ட கெசட்டியரை எடுத்துக் கொடுத்து, மூடுகிற நேரம் தாண்டியும் உட்கார விட்டவருக்கு நன்றி. கடைசி பஸ்ஸுக்கு வண்டியோடு காத்து நின்ற என் வீட்டுக்காரருக்கும் நன்றி.

அடுத்து பாளையங்கால்வாயையும் நெல்லைக் கால்வாயையும் பற்றி எழுத இருக்கிறேன். ஊருக்குள் வந்ததும் இரண்டிலும் சாக்கடை கலக்கிறது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் வயிறு எரிகிறது. மேலப்பாளையம், பேட்டைப் பக்கம் அந்தத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவர்கள், அதில் நெல் விளைவித்தவர்கள் இருந்தால் கூப்பிடுங்கள். எந்தப் படித்துறை எங்கே இருந்தது என்று கூட நின்று காட்ட ஆள் வேண்டும். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்குள் போய்ப் பார்த்துவிட்டால் நல்லது.

இந்த வருடம் எழுதியதையெல்லாம் சேர்த்து ஜெராக்ஸ் கடைத் தம்பி பெரிய எழுத்தில் கட்டு போட்டு வைத்திருக்கிறான். நாலைந்து பிரதிதான் இருக்கிறது. உங்கள் வீட்டில் கண் சரியாகத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் முதலில் அவர்களுக்கு வாங்கிக்கொண்டு போங்கள். மற்றவர்களுக்கு அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
கைலாசபுரத்திலிருந்து உங்கள் வீட்டுப் பெண்