பாட்டில் எண் 14, 15: எங்கள் போர்வெல் தண்ணீர் என்ன ஆயிற்று?

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம். போன வாரம் தருமபுரி நான்கு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது, நீங்கள் வைத்திருக்கும் ஃபிளெக்ஸை முழுக்கப் படித்தேன். உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் இடம்பிடித்த பேராசிரியர்களுக்கு வாழ்த்து, காப்புரிமை பெற்றவர்களுக்கு வாழ்த்து, சிறந்த ஆராய்ச்சியாளர் விருதுக்கு வாழ்த்து, பாராட்டு விழாவுக்கு அனைவரும் வருக என்று இருந்தது. நானும் வாழ்த்துகிறேன். படித்தவர்களுக்கு மரியாதை கிடைத்தால் வயிறெரிகிற ஆள் இல்லை நான். ஆனால் வலது மூலையில் ஒரு வாய் இருந்தது. கண்ணும் மூக்கும் இல்லை, வாய் மட்டும். காவியேறிய பற்கள், கீழ்வரிசையில் ஒரு பல் குறுக்கே திரும்பியிருக்கும். அந்த வாய்க்கு நான்கு வருடமாக மதியச் சோறு போடுகிறவள் நான்.

பென்னாகரம் வட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். நிலத்தடித் தண்ணீரில் கலந்து பல்லைக் காவியேற்றும் புளோரைடு பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊர்க்காரர் வெளியூரில் வாயைத் திறந்தாலே "தருமபுரியா?" என்று கேட்பார்கள், அதுவும் உங்களுக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு மாசி மாதம் உங்கள் வண்டி எங்கள் ஊருக்கு வந்தது. ஒரு பேராசிரியரும் நான்கு மாணவர்களும் இறங்கினார்கள். கோயில் பக்கத்து போர்வெல், பள்ளிக்கூடத்து போர்வெல் இரண்டிலும் தண்ணீர் பிடித்தார்கள். அவர்கள் வேலை செய்த விதத்தைக் குறை சொல்லவே முடியாது. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பிளாஸ்டிக் பாட்டிலை இரண்டு தடவை அலசி, நிரப்பி, மூடியை இறுக்கி, எண் எழுதிய சீட்டு ஒட்டினார்கள். கண்ணாடி பாட்டில் வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்க்கா, புளோரைடு கண்ணாடியோட வினை செய்யும், அளவு மாறிடும்" என்று ஒரு தம்பி பொறுமையாகச் சொன்னார். அப்புறம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி "ஈ" காட்டச் சொல்லிப் படம் எடுத்தார்கள். நானும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். வீட்டிலிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

வண்டி ஏறும்போது, ரிசல்ட் எப்போது வரும் என்று பேராசிரியரிடம் கேட்டேன். "வந்ததும் சொல்றோம்மா. தண்ணியில கொஞ்சம் பிரச்சினை இருக்கும் போலத் தெரியுது" என்றார்.

மறுநாளிலிருந்து நான் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆரம்பித்தேன். பிரச்சினை என்றால் கொதிக்க வைப்பதுதானே எங்களுக்குத் தெரிந்த வைத்தியம்! காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, பெரிய குண்டானில் போர் தண்ணீரை ஊற்றி, கேஸ் கட்டுப்படியாகாது என்று வெளியே கல் கூட்டி, என் வீட்டு விறகைப் போட்டு, தளதளவென்று கொதிக்க விட்டு, ஆற வைத்து, துணியில் வடிகட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். தாய்மார்களிடமும் அப்படியே செய்யச் சொன்னேன். மழை நாளில் விறகு புகைந்து கண் எரியும். பரவாயில்லை, பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஒன்றரை வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

என் மகள் சேலத்தில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள். பொங்கல் லீவில் வந்தவள் குண்டானைப் பார்த்துவிட்டு, "அம்மா, கொதிச்சா கிருமிதான் சாகும். புளோரைடு போகாது. தண்ணி ஆவியாகிக் குறையக் குறைய அது இன்னும் கெட்டியாத்தான் ஆகும்" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு வயதுக்குள் பல் உருவாகும்போது ஏறுகிற கறை பிறகு தானாகப் போகாது என்கிறாள். எங்கள் மையத்தில் சாப்பிடும் பிள்ளைகளில் பாதிப் பேர் எட்டு வயதுக்குக் கீழே. ஐயா, உங்களை நான் கேட்பது ஒன்றுதான். எங்கள் இரண்டு போரின் அளவையும் எழுதிக் கொடுங்கள்.

கட்டுரையில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வெளிநாட்டு ஆய்விதழில், டாலரில் பணம் கட்டினால் படிக்கலாம். மகள் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தாள், பதில் இல்லை. எப்படியோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாள். அழகான வரைபடம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேலே போனால் சிவப்புப் புள்ளி, உள்ளே இருந்தால் பச்சை. ஊர்ப் பெயர் எங்கும் இல்லை. பாட்டிலில் ஒட்டிய எண்ணும் இல்லை, அங்கே வேறு எண். எங்கள் பக்கத்தில் ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் ஒன்றன்மேல் ஒன்றாக இடித்துக்கொண்டு நிற்கின்றன. பச்சை கோயில் போரா, பள்ளிக்கூடத்து போரா? போரின் ஆழத்தையும் அடியில் இருக்கும் பாறையையும் பொறுத்து, ஒரே ஊரில் இரண்டு போருக்கும் அளவு மாறும் என்று நீங்களே அதில் எழுதியிருக்கிறீர்கள். எது பச்சை என்று தெரிந்தால் நாளைக் காலையிலேயே நான் குடத்தை அங்கே கொண்டுபோவேன். இதற்குத் திட்டமும் நிதியும் தேவையில்லை.

ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதே என்றும் கேட்கலாம். ஜப்பான் கடனில் கட்டிய திட்டம், 2013-இல் திறந்தார்கள், புண்ணியமாகப் போகட்டும். அது வரும் நாளில் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம். குழாய் உடைந்த நாளுக்கும் கரண்ட் இல்லாத நாளுக்கும்தான் கேட்கிறேன்.

அந்த 2 சதவீதப் பட்டியல் எப்படிப் போடுகிறார்கள் என்றும் மகளிடம் கேட்டேன். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஒருவரின் குழு போடுகிறதாம். ஒருவர் எழுதியதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதுதான் முக்கியக் கணக்காம். நல்லது. எங்கள் போர் தண்ணீரை எந்தெந்த நாட்டுக்காரரோ மேற்கோள் காட்டலாம், எங்கள் ஊராட்சித் தலைவரால் மட்டும் முடியாது. மத்திய அரசின் பல்கலைக்கழகத் தரவரிசையில் 'அவுட்ரீச்', அதாவது வெளியே மக்களைச் சென்றடைவது, என்று ஒரு தலைப்பு இருக்கிறது என்றாள். அட, அதில் நாங்கள் வருவோமே என்று பார்த்தால், வெளிமாநில மாணவர் எத்தனை, பெண்கள் எத்தனை என்றுதான் அதில் எண்ணுகிறார்களாம். தண்ணீர் எடுத்த ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொன்னீர்களா என்று கேட்க எந்தப் பட்டியலிலும் ஒரு கட்டம் இல்லை போலிருக்கிறது. 1937-இலேயே நெல்லூர்ப் பக்கத்துப் புளோரைடு நோயைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்களாம். அன்றிலிருந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாங்களும் "ஈ" காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன், மன்னியுங்கள். உங்கள் மாணவர்கள் தங்கமான பிள்ளைகள். வெயிலில் அலைந்து செய்த வேலை அது, அதற்கு விருது கிடைத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. விழாவுக்கு வர முடியாது, அன்று மையம் உண்டு.

இரண்டு போரின் அளவையும் தமிழில், ஒரு தாளில், தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், எதில் சமைக்கலாம், எது பாத்திரம் கழுவ மட்டும் என்று இரண்டு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. எங்கள் பெயர் உங்கள் கட்டுரையில் இல்லாவிட்டாலும் தேடுவது கஷ்டமில்லை. நீங்கள் சீட்டு ஒட்டும்போதே எண்களைச் சமையலறைச் சுவரில் கரியால் எழுதி வைத்தேன், இன்னும் அழியவில்லை. கோயில் போர் 14, பள்ளிக்கூடத்து போர் 15.

இப்படிக்கு,
சத்துணவு அமைப்பாளர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்