காணொளியும் மனு ரசீதும்

ஆசிரியருக்கு,

காவல் துறையின் சமூக வலைதளப் பக்கங்களைப் பாராட்டிய தலையங்கம் படித்தேன். மீட்ட கைப்பேசிகளை மேசையில் அடுக்கி உரியவர்களிடம் ஒப்படைக்கும் காட்சி நன்றாகத்தான் இருக்கிறது. பின்னணி இசைதான் சற்று அதிகம். ஆனால், துறையின் பெயர் கூடுவதும் குறைவதும் நிலைய எழுத்தரின் மேசையில்தான். குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கும் வேளையில் என் மோட்டாரின் செப்பு வயரை அறுத்துச் சென்றுவிட்டார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன்; அதைப் பெற்றுக்கொண்டதற்கான மனு ரசீதுக்காக மூன்று நாள் நடந்தேன். நாற்று கருகத் தொடங்கியது. அதே வாரம் அந்த நிலையத்தார் மரக்கன்று நடும் காணொளி என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது.

பாலியல் குற்றம் போன்றவை நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதோடு, வந்த மனுக்கள் எத்தனை, ரசீது கொடுத்தவை எத்தனை என்பதை நிலையவாரியாக வாரந்தோறும் காவல் துறையின் அதே சமூக வலைதளப் பக்கங்களில் வெளியிடலாம்.

— கடைமடை விவசாயி ஒருவர், நாகை மாவட்டம்