வுடாங் மலைக் கடைக்காரம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, மூன்றாவது ஏன் கிடையாது என்று அம்மாவிடம் சண்டை போட்டார். இதைவிட நல்ல செய்தி என்னிடம் இல்லை.

அன்று சீனாவின் வுடாங் மலையில் படியேறும்போது அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். நான் அழுதபடி அனுப்பிய குரல் பதிவுகளைக் கேட்டவர்கள் நீங்கள்தானே. அதை முழுவதுமாக மறுபடி எழுத எனக்கு இப்போது தெம்பு இல்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கேபிள் கார் இருக்கும்போது ஏன் நடந்தீர்கள் என்று கேட்டவர்கள் அப்பாவையே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சீனத் தாத்தாக்களோடு விடியற்காலையில் தைச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையைப் பழகுகிறவர் அவர். தைச்சியைத் தொடங்கிவைத்தவர் வுடாங் மலையில் தவமிருந்த ஜாங் சான்ஃபெங் என்று அந்தத் தாத்தாக்கள் சொல்லிச் சொல்லி, அந்த மலையை நடந்தே ஏறுவது அவருக்கு நேர்த்திக்கடன் ஆகிவிட்டது. பழனிக்குப் போனாலும் விஞ்ச் பக்கம் திரும்ப மாட்டார், படிதான். பழனி முருகன் சிலையைச் செய்த போகர் சீன தேசத்தில் இருந்தவர் என்ற கதையை வேறு விமானத்திலேயே ஆரம்பித்துவிட்டார். அது வரலாறா என்று என்னைக் கேட்காதீர்கள்.

மலைமேல் இருக்கும் நான்யான் என்ற இடத்திலிருந்து கல்படியில் ஏறினால் சாவோதியன் கோயிலில் பாதை இரண்டாகப் பிரிகிறது. மிங் அரச வம்சக் காலத்துப் படி மூன்று வான வாசல்களைக் கடந்து செங்குத்தாக ஏறும். பிறகு வந்த சிங் வம்சக் காலத்துப் படி கொஞ்சம் இலகு. அப்பா எந்தப் பக்கம் திரும்பியிருப்பார் என்று சொல்ல வேண்டுமா?

இரண்டாவது வாசலுக்குக் கீழே ஒரு நீலத் தார்ப்பாய்க் கடை. தண்ணீரில் மிதக்கும் வெள்ளரிக்காய், அவித்த முட்டை, கப் நூடுல்ஸ், ஊதுபத்திக் கட்டு, மூங்கில் கைத்தடி. கடைக்கு ஓர் அம்மா. அறுபதை ஒட்டிய வயது, முழங்காலில் கம்பளிப் பட்டை. நாங்கள் அந்த இடத்துக்கு வந்தபோது, வெள்ளரிக்காய் விலையைக் குறைக்கச் சொன்ன ஓர் இளைஞனை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் அப்பா படியில் உட்கார்ந்தார்.

கூட்டம் கூடியது. சிலர் போனைத் தூக்கினார்கள். அந்த அம்மா விற்பனைக்கு வைத்திருந்த கைத்தடி ஒன்றை உருவி, படியில் ஓங்கித் தட்டி அத்தனை பேரையும் விலக்கினார். அப்பாவின் ஈரக் காலுறைகளைக் கழற்றி, காலைத் தன் ஏப்ரனால் துடைத்தார். எங்கோ போன் போட்டுக் கத்தினார். அப்புறம் ஒரு கையால் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி, கிழித்த நூடுல்ஸ் அட்டையில் ஏதோ எழுதினார். கடைக்கணக்கு என்று நினைத்தேன். இந்த நேரத்திலுமா என்று எரிச்சல்கூட வந்தது. நாற்காலிப் பல்லக்குத் தூக்குபவர்கள் வந்ததும் அந்த அட்டையை அப்பாவின் ஜாக்கெட்டில் ஊக்கால் குத்திவிட்டார். அதைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை.

அடிவாரத்தில் ஆம்புலன்ஸ், அங்கிருந்து லாரித் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஷீயென் நகரத்து மருத்துவமனை. எனக்குத் தெரிந்த சீன மொழி கோப்பிக் கடையோடு சரி. போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலி என் அழுகையைக் கேட்டு என்னென்னவோ சொன்னது. ஆனால் டாக்டர் என்னிடம் எதையுமே கேட்கவில்லை. அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து என் கையில் சூடான வெள்ளை பன் ஒன்றையும் சோயா பாலையும் வைத்துவிட்டு, நான் ஒரு வாய் கடிக்கும்வரை நகராமல் நின்றார். இந்த ஊர் ஆஸ்பத்திரி வழக்கம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவின் துணிமணிகளைத் திருப்பித் தந்த பையில்தான் அந்த அட்டை இருந்தது. படம் எடுத்து எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு அனுப்பினேன். அவர் படித்துச் சொன்னதை அப்படியே தருகிறேன்:

‘வெளிநாட்டுக்காரர். 10:40-க்கு உட்கார்ந்தார், எழ முடியவில்லை. நெஞ்சில் கை வைத்தார். கொஞ்ச நேரம் கண் மூடினார், கூப்பிட்டதும் திறந்தார். வாந்தி இல்லை. கை குளிர்ச்சி. வெந்நீர் மூன்று மடக்கு. 10:50-க்குத் தன் மாத்திரை ஒன்று போட்டார், மாத்திரை அட்டை இடது பையில். மகளுக்கு நம் பேச்சு புரியாது, அவளிடம் கேட்டுப் பயனில்லை. அவள் எதுவும் சாப்பிடவில்லை. ஏதாவது கொடுங்கள்.’

கடைக்காரம்மா நீட்டிய முட்டையை நான் தள்ளிவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த அட்டை இல்லையென்றால் எவ்வளவு நேரம் வீணாகியிருக்கும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு மனசில்லை.

அந்த மலையில் ஒரு கதை உண்டு. மலையின் தெய்வமான ஜென்வு இளவரசராக இருந்தபோது, தவம் பலிக்கவில்லை என்று சலித்துப்போய் மலையைவிட்டு இறங்குகிறார். வழியில் ஒரு கிழவி இரும்பு உலக்கையைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். என்ன செய்கிறாய் என்று கேட்டால் ஊசி செய்கிறேன் என்கிறாள். வெட்கப்பட்டுத் திரும்பி ஏறுகிறார். கிழவி மாறுவேடத்தில் வந்த தேவி. ‘ஊசி தேய்த்த கிணறு’ என்று அந்த இடத்தில் ஒரு கோயிலே இருக்கிறது, அன்று காலை அதைப் பார்த்துவிட்டுத்தான் போனோம். அப்பா இப்போது போன் செய்கிற எல்லோரிடமும், “அந்தக் கிழவிதாம்மா எனக்குக் கடைக்காரியா வந்தா” என்கிறார். அத்தையும் ஆமோதிக்கிறாள்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தெய்வம் என்றால் அதற்கு வேறு வேலை என்ன, வந்துதானே ஆக வேண்டும். இவருக்கு வலிக்கிற முழங்கால் இருந்தது, வியாபார நேரம் இருந்தது, அவர் திரும்பிப் பார்க்காத அந்தப் பத்து நிமிடத்தில் யாரோ இரண்டு முட்டையை எடுத்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன். ஐந்து நிமிடம் முன்புவரை ஒரு வெள்ளரிக்காய்க்குத் தொண்டை கிழியக் கத்தியவர். அதே மனுஷிதான் மாத்திரை போட்ட நேரத்தைக் குறித்துவைத்தார். தேவி ஆக்கிவிட்டால் இதெல்லாம் காணாமல் போய்விடும். நன்றி அவருக்கே போய்ச் சேரட்டும்.

மற்றவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். அந்தப் படிகளில் அப்பாவை ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கிய பல்லக்குக்காரர்களுக்கு, முன்னால் ஓடி வழிவிடச் சொன்ன கொண்டை போட்ட இளம் தாவோ துறவிக்கு, மருத்துவமனையில் ராத்திரி முழுக்க எனக்காக ஆங்கிலம் பேசிய கல்லூரி மாணவிக்கு, நர்ஸ்களுக்கு, நள்ளிரவில் பொறுமையாகப் பேசிய காப்புறுதிக்காரப் பெண்ணுக்கு, கேட்காமலே பணம் திரட்டி அனுப்பிய தைச்சித் தாத்தாக்களுக்கு, லீவு போட்டு விமானம் ஏறி வந்த தம்பிக்கு, காரைக்குடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்ட அத்தைக்கு. தேங்காய் எத்தனை என்று அத்தை இன்னும் சொல்லவில்லை, பயமாக இருக்கிறது.

ஒரு காரியம் செய்திருக்கிறேன். இங்கே வேலைக்கு வந்த நம் ஊர்த் தம்பிகள் உடம்புக்கு முடியாமல் மருத்துவமனைக்குப் போனால் எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து என்று சொல்லத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டுப் போயும் இருக்கிறேன். கூடப் போய் எழுதிக் கொடுக்கும் ஒரு தொண்டர் குழுவில் நேற்றுப் பெயர் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகள் இனி அவர்களுக்கு.

உச்சியில் இருக்கும் பொன் மண்டபத்தை அப்பா பார்க்கவில்லை. யோங்லே பேரரசர் காலத்தில், 1416-இல் எழுப்பியது. தூண், உத்தரம், கூரை ஓடு எல்லாமே வெண்கலத்தில் வார்த்துப் பொன் பூசியதாம். 1,612 மீட்டர் உயரத்தில். அடுத்த முறை என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். அடுத்த முறை கேபிள் கார்தான், அதில் பேச்சே இல்லை.

உங்களில் யாராவது அதற்கு முன்னால் வுடாங் போனால் எனக்கு ஓர் உதவி. மிங் காலத்துப் படியிலேயே ஏறுங்கள், முடிகிறவர்கள் மட்டும். நீலத் தார்ப்பாய்க் கடை இருந்தால் இரண்டு வெள்ளரிக்காயும் நாலு முட்டையும் வாங்குங்கள். இந்த மடலோடு இருக்கும் அப்பாவின் இட்லிப் படத்தைக் காட்டுங்கள், அந்த அம்மாவுக்குப் புரியும். தயவுசெய்து விலை குறைக்கக் கேட்காதீர்கள், திட்டு விழும்.