லாக்ஸ்டனில் வேலி எழவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இங்கிலாந்துக் கிராமங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். ஊரார் கூட்டாகப் பயன்படுத்திய திறந்த வயல்களை வேலியிட்டுத் தனித்தனி உடைமையாக்கிய வேலியடைப்புச் சட்டங்களால் சிறு குடியானவர்கள் நிலமிழந்த கதையைக் கட்டுரையாளர் உருக்கமாகவே சொல்லியிருந்தார். ஆனால் பழைய வேலியில்லா வயல்முறை அடியோடு ஒழிந்துவிட்டது என்று முடித்ததை ஏற்க முடியவில்லை. நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற சின்ன ஊரில் அது இன்றும் நடக்கிறது.

அங்கே மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்று மூன்று பெரிய வயல்கள். ஒவ்வொன்றும் பட்டை பட்டையாகப் பல விவசாயிகள் கையில் இருக்கிறது. நடுவே வேலி கிடையாது. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு அல்லது புல். ஆண்டுதோறும் முறை மாறும். என் நிலம், என் இஷ்டம் என்று யாரும் கிளம்ப முடியாது.

சரி, வேலி இல்லாவிட்டால் எல்லைத் தகராறு வராதா? அதற்குத்தான் 'கோர்ட் லீட்' என்ற ஊர் நீதிமன்றம். நவம்பர் கடைசிவாக்கில் ஜூரிகளான விவசாயிகள் கோதுமை வயலைச் சுற்றி வந்து, எல்லை மங்கிய இடங்களில் முளைக்குச்சி அடிப்பார்கள். யாராவது டிராக்டரை ஒரு சால் தள்ளி ஓட்டிப் பொதுப்பாதையைக் கிள்ளியிருந்தால் குறித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் டவ்காட் இன் என்ற பப்பில் நீதிமன்றம் கூடி அபராதம் போடும். இது வெறும் சடங்கு அல்ல. இப்படிப்பட்ட பழைய நீதிமன்றங்களின் விசாரணை அதிகாரத்தை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தபோது, லாக்ஸ்டனுக்கு விலக்குக் கொடுத்தது.

1635-இல் மார்க் பியர்ஸ் வரைந்த இந்த ஊரின் நிலப்படம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. பட்டைகளோடு, ஏர் ஓட்டுபவர்களையும் கதிர் அறுப்பவர்களையும்கூட அதில் வரைந்திருக்கிறார். ஊரில் நார்மன் காலத்துக் கோட்டைமேடும் உண்டு. என்னைக் கேட்டால், கோட்டையைவிட அந்தக் கோதுமை வயலே பெரிய நினைவுச்சின்னம்.

நிலவுடைமை பலமுறை கைமாறியது. 1952-இல் அரசின் வேளாண் அமைச்சகம் வாங்கியது, 1981-இல் அரச உடைமைகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது, இப்போது தோர்ஸ்பி எஸ்டேட் என்ற தனியார் பண்ணையிடம் இருக்கிறது. யார் கைக்குப் போனாலும் வயல்முறையைக் காப்பாற்றி வருபவர்கள் அங்கே உழுகிற குடும்பங்கள்தான். வரலாற்றுக் கட்டுரைகளில் பிரபுக்களுக்குக் கிடைக்கும் இடத்தில் பாதியாவது அவர்களுக்குக் கிடைக்க வேண்டாமா? அந்த 1635 நிலப்படத்தோடு லாக்ஸ்டனைப் பற்றி ஒரு விரிவான கட்டுரை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்