மேடே இல்லாத ஊரில் கியர் சைக்கிள்

உச்சிப்புளி,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் எங்களுக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே பெரியவள் மதுரையில் நர்சிங் சேர்ந்துவிட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது, அதனால்தான் இவர் இந்த வயதில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அலைகிறார் என்று உன் தங்கச்சி தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள்.

குன்னூரில் உட்கார்ந்துகொண்டு, "மேடே இல்லாத ஊரில் மலைப்பாதை சைக்கிளை வைத்து என்னடா செய்யப்போகிறாய்" என்று கேட்டிருக்கிறாய். 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பவன் கேட்கத்தான் செய்வான். ராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடம் கந்தமாதன பர்வதம். அதில் ஏறினால் உனக்கு மூச்சுகூட வாங்காது. எங்கள் ஏற்றமெல்லாம் காற்றில்தான் இருக்கிறது. கச்சான், அதான் தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் மண்டபம் பக்கம் மிதித்துப் பார். போகும்போது யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல இருக்கும், நாம் பெரிய வீரன் என்று தோன்றும். திரும்பினால் தெரியும் சங்கதி. சமதரையில் கடைசி கியருக்கு இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு, நடக்கிற வேகத்தில் வர வேண்டும். அதனால் இப்போது முதலில் காற்றுக்கு எதிராகக் கிளம்புகிறேன். களைத்த பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது காற்றின் வேலை.

அடுத்தது மணல். அரியமான் கடற்கரையை ஒட்டிய சவுக்குத் தோப்புக்குள் சருகு விழுந்து படிந்த இடங்களில் தரை கெட்டியாக இருக்கும், வண்டி வழுக்கிக்கொண்டு ஓடும். தோப்பு முடிந்து வெறும் மணல் தொடங்கியதும் முன்சக்கரம் புதைந்து ஹேண்டில் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். அங்கே ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் விழுவது நிச்சயம். உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, பிடியைத் தளர்த்தி, லேசான கியரில் மிதியை நிறுத்தாமல் போனால் வண்டி தானே வழி கண்டுபிடிக்கிறது. முன்பிரேக்கைத் தொடவே கூடாது. டயர் காற்றையும் குறைக்க வேண்டும். தார் ரோட்டில் 40 பிஎஸ்ஐ வைத்தால் மணலுக்கு 20க்குப் பக்கம் இறக்கிவிடுகிறேன். டயர் தட்டையாகி அகலமாகப் பதிவதால் புதைவது குறைகிறது. ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும், ஆகவே பம்பு இல்லாமல் கிளம்புவதில்லை. தண்ணீர் ஓரத்து ஈர மணல் நன்றாகத் தாங்கும் என்று உனக்குத் தோன்றும். தாங்கும்தான். ஆனால் பாக் நீரிணைப் பக்கம் ஏற்றவற்றமே குறைவு, ஆகவே அந்தக் கெட்டி மணல் ஒரு பட்டைதான் கிடைக்கும். அதிலும் பாதி இடத்தில் வலை காயும். வலை மேல் சக்கரம் ஏறக்கூடாது என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முள்ளைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். நம்ம மாவட்டத்தில் சீமைக்கருவேலம் இல்லாத பாதையை நீ காட்டினால் நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன். பஞ்சர் ஆனால் ட்யூபை மாற்றுவது பெரிய காரியமில்லை. முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கும். விரலால் உட்பக்கத்தைத் தடவி அதை எடுக்காமல் புது ட்யூபைப் போட்டால் பத்து நிமிஷத்தில் மறுபடி உட்கார வேண்டும். பனங்காட்டுக்குள் போனால் கருக்குமட்டை வேறு. அதன் ரம்பப் பல் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை. ட்யூபுக்குள் ஊற்றுகிற பஞ்சர் திரவம் முள் ஓட்டைக்குக் கேட்கிறது, கிழிசலுக்குக் கேட்காது.

எனக்குப் பிடித்த பாதை இதெல்லாம் இல்லை, கண்மாய்க் கரைதான். ஒத்தையடிப் பாதை, ஒரு பக்கம் பனை, மறுபக்கம் வறண்ட கண்மாய். நிறைந்த கண்மாயின் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற கலுங்கு இருக்கிற இடத்தில் சடாரென்று இறங்கி ஏற வேண்டும். என்னைப்போலப் புதிதாக ஓட்டுகிறவனுக்கு அதுவே ஊட்டி மலை. இறங்கும்போது இரண்டு மிதியையும் சமமாக வைத்து, சீட்டை விட்டு எழுந்து, முழங்காலை மடக்கிப் பின்னால் சாய வேண்டும். கண் சக்கரத்தைப் பார்க்கக்கூடாது, போகப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் தினமும் கவனித்துவிட்டு, "ஏன் தம்பி, மோட்டார் சைக்கிளை வித்துட்டீகளா?" என்று ரொம்ப அனுதாபத்தோடு கேட்டார்.

தனுஷ்கோடிக்கு ஓட்டினாயா என்று கேட்டிருந்தாய். அரிச்சல்முனை வரை 2017இல் ரோடு போட்டபிறகு அது வெறும் தார்ச்சவாரி, காரும் வேனும் உரசிக்கொண்டு போகும். ரோட்டை விட்டு இறங்கவும் எனக்கு மனசில்லை. குளிர்காலத்தில் அந்தச் சேற்றுப் பரப்பில் பூநாரைகள் வந்து நிற்கும், 2025இல் அதைச் சரணாலயமாகவே அறிவித்துவிட்டார்கள். ஜனவரிக்குப் பிறகு கடல் ஆமைகள் மணலில் முட்டையிடும். அங்கே போய் டயர் தடம் போட வேண்டுமா என்ன? விடிகாலையில் ரோட்டிலேயே போய் வந்தால் போதும். வழியில் பாம்பனில் புது ரயில் பாலத்தின் நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிட மேலே தூக்கப்படுவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தால் இன்னும் விசேஷம்.

வீட்டுச் சண்டை செயினில்தான். உப்புக்காற்றுக்கு ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் துரு பிடித்துவிடும். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்கிறார்கள். குடம் இவ்வளவு என்று விலைக்கு வாங்குகிற ஊரில் சைக்கிளுக்குக் குளியலா என்று உன் தங்கச்சி கேட்டது நியாயம். ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காயவிட்டு, எண்ணெய் விட்டு, மிச்ச எண்ணெயையும் துடைத்துவிடுகிறேன். எண்ணெய் தங்கினால் அதில் மணல் ஒட்டிச் செயினையே அரைத்துவிடும்.

சரி, நீ ஜனவரி கடைசியில் வா. மழை ஓய்ந்து வெயிலும் ஏறாத நேரம், கண்மாயிலும் தண்ணீர் நிற்கும். உன் சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வராதே, மச்சினன் மகனுடையது ஒன்று சும்மா நிற்கிறது. 27.5 இஞ்ச் ட்யூப் மட்டும் இரண்டு வாங்கி வா, எங்கள் பஞ்சர் கடையில் 26தான் வைத்திருக்கிறார்கள். கருவாடு எவ்வளவு வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு முன்கூட்டியே எழுது, நல்ல நெத்திலியாகச் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
முனியசாமி