டை ஊசி போட முதல் அந்தக் கொப்பியக் கொஞ்சம் திறந்து பாருங்க

மட்டக்களப்பு மாவட்டத்துல ஸ்கேன் பகுதிகளுக்குப் பொறுப்பா இருக்கிற சேர்மார், மிஸ்மார் எல்லாருக்கும் வணக்கம்.

சீனி வருத்தத்துக்கும் கிட்னிக்கும் உள்ள சொந்தத்த உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்ல. நான் சொல்ல வந்தது ஒரு தண்ணிப் போத்தலப் பத்தி.

போன மாசம் அம்மாவ டை (ஸ்கேன்ல உள்ளுக்குள்ள தெளிவாத் தெரிய ரத்தத்துல ஏத்துற மருந்து) போட்டு சிடி ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போனம். துண்டுல "வெறும் வயித்தோட வரவும்" எண்டு மட்டும்தான் இருந்திச்சு, அவ ராவு எட்டு மணிக்குப் பிறகு சொட்டுத் தண்ணியும் வாயில வைக்கல்ல. விடிய முதல் மண்டூர்ப் படகுப் பாதையில ஏறி, பஸ் புடிச்சு ஏழரைக்கெல்லாம் வாங்குல குந்திட்டம், மெஷின் பிழை, அவசரக் கேஸ் எண்டு இழுபட்டு இழுபட்டு பின்னேரம் ரெண்டரைக்குத்தான் பேரக் கூப்பிட்டாங்க. "நாக்க ஒருக்கா நனைக்கட்டா மனே" எண்டு கேட்டவக்கு வேணாம் எண்டவன் நான்தான். போத்தல் மூடி உடைக்காம பேக்குக்குள்ள கிடந்திச்சு. இந்த டைக்குத் தண்ணி குடிக்காமக் கிடக்கத் தேவையே இல்லையாம், உடம்பு காஞ்சு கிடந்தாத்தான் கிட்னிக்குக் கூட ஆபத்தாம். பிறகுதான் தெரியும்.

கிளினிக் கொப்பி அவட மடியிலதான். ரெண்டு மாசத்துக்கு முந்தின கிரியேட்டினின் (கிட்னி பழுதாகினா ரத்தத்துல கூடுற கழிவு) 1.6, வட்டம் போட்டிருக்கு. 62 வயசுப் பொம்பிளைக்கு ஈஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுது எண்டு காட்டுற கணக்கு; குறைஞ்சா கூடாது) பாத்தா 36 அளவுதான் வரும். ஒருத்தரும் திறக்கல்ல. அவ போடுற சீனிக் குளிசை மெட்ஃபோமின நிப்பாட்டுறதா எண்டும் சொல்லல்ல, 48 மணித்தியாலம் கழிச்சு ரத்தம் பாக்கவும் சொல்லல்ல. மூணாம் நாள் கால் வீங்கி, சலம் குறைஞ்சு, பாக்கக்குள்ள கிரியேட்டினின் 3.1.

டைதான் செஞ்சது எண்டு நான் சத்தியம் பண்ணல்ல, அவ நோக்குளிசையும் போட்டவதான், அதாலயும் வந்திருக்கலாம். முந்திப் பயந்த அளவுக்கு டையில ஆபத்தில்ல, ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழ உள்ளவங்களுக்குத்தான் முக்கியமாக் கவனம் வேணும் எண்டு 2020ல அமெரிக்காவுல ஸ்கேன் டொக்டர்மாரும் கிட்னி அமைப்பும் சேந்து சொன்னதயும் வாசிச்சன். சரி, 30க்கு மேலயா கீழயா எண்டு பாத்தாத்தானே தெரியும்?

செல்போன் பாவிக்காதீங்க எண்டு மூணு பாஷையில போட் தொங்குது. தண்ணி குடிக்கலாம் எண்டு ஒரு வரி தமிழ்ல எழுத மட்டும் மை இல்லாமப் போச்சா?

மன்னிக்கணும், கோவம் வந்துட்டு. தயவுபண்ணி, சீனிக்காரருக்கு ஊசி போட முதல் புது கிரியேட்டினின் ஒண்டு பாருங்க, இல்லாட்டி அந்தக் கொப்பியயாவது திறங்க. தண்ணிக்கும் மெட்ஃபோமினுக்கும் என்ன செய்யுறது, திரும்ப ரத்தம் பாக்குறது எண்டைக்கு எண்டு துண்டுலயே எழுதிக் குடுங்க.

அடுத்த கிழமை அம்மாக்குத் திரும்ப ஒரு ஸ்கேன் இருக்கு. துண்டு வந்திட்டு. அதே துண்டுதான்.