எட்டுக்கால் பூச்சிக்குப் பயந்தவன் எழுதும் நன்றி மடல்

வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலையில், ஊறுகாய் பாட்டிலுக்குள் சிட்னி ஃபனல்வெப் என்ற கொடிய விஷச் சிலந்தி ஒன்றை வைத்து, பாட்டிலைக் காரின் முன் இருக்கையில் சீட் பெல்ட் போட்டு உட்காரவைத்து, சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டு வந்தேன். திருச்சியில் என்னைத் தெரிந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள். பரணில் ஒரு எட்டுக்கால் பூச்சி தெரிந்தால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடியவன் நான். கல்யாணத்துக்குப் பிறகு விளக்குமாறு எடுக்கும் பொறுப்பு என் மனைவிக்கு வந்தது. அவளும் ஒருநாள் கூட அதைச் சொல்லிக்காட்டத் தவறியதில்லை.

அப்படிப்பட்டவன் இந்த ஊரில் மூன்று கோடையைத் தாண்டியிருக்கிறேன் என்றால், அதற்குக் காரணமானவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது, இதைப் படிக்கப் போவதும் இல்லை. பரவாயில்லை, கடன் கடன்தான்.

2023 பிப்ரவரியில் சிட்னிக்கு வடக்கே ஹார்ன்ஸ்பி பக்கம் குடிவந்தோம். வீட்டு வேலிக்குப் பின்னாலேயே யூகலிப்டஸ் காடு. பார்க்க அழகாக இருக்கிறது என்று நான்தான் அந்த வீட்டைப் பிடித்தேன். நான்காம் நாள் இரவு பதினொன்றரைக்கு, கட்டிலுக்கு மேலே சுவரில், விரித்த என் உள்ளங்கை அளவுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம், கால்களெல்லாம் முடி. நண்டு மாதிரி பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்தது. சத்தம் போட்டது நான்தான். குழந்தை எழுந்து அழுதாள். நான் தலையணையை எடுத்துக்கொண்டு காரில் போய்ப் படுத்தேன். வெளிச்சம் கண்ணில் படுகிறதே என்று சன் வைசரை இறக்கினேன். அதன் பின்னால் இன்னொன்று இருந்தது.

அன்றைக்கு எதிர்வீட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவருக்குத்தான் முதல் நன்றி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தனியாக இருக்கிறார். நடுத்தெருவில் வெறுங்காலோடு நின்ற என்னைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ‘ஹண்ட்ஸ்மேனா?’ என்றார், உள்ளே போனார், இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவும் பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையும் எடுத்து வந்தார். சுவரில் இருந்ததன் மேல் டப்பாவை மெதுவாகக் கவிழ்த்தார், அடியில் அட்டையை நுழைத்தார், அப்படியே தூக்கிக்கொண்டு போய் வேலியோரத்து மரத்தடியில் விட்டார். பிறகு காரில் இருந்ததையும். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. வாடா ராசா, வா வா என்று கன்றுக்குட்டியைக் கூப்பிடுவது மாதிரி ஏதோ பேசிக்கொண்டே செய்தார். போகும்போது டப்பாவை என் கையிலேயே கொடுத்துவிட்டார். அது வலை கட்டாது, ஓடி வேட்டையாடும், கரப்பான் பூச்சியெல்லாம் தின்றுவிடும், விஷம் என்று பயப்பட ஒன்றுமில்லை, அடுத்தமுறை வந்தால் விட்டுவைப்பதே நல்லது என்றார். விட்டுவைப்பதா! அந்த வார்த்தையைக் கேட்டு நான் முழித்த முழி அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் இந்தக் கதையை அம்மாவிடம் போனில் சொல்லிப் போட்டோவும் அனுப்பினேன். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, ‘இதென்னடா, நம்ம ஸ்டோர் ரூம்ல இருக்குமே, அந்தக் காலண்டருக்குப் பின்னாடி. வயித்துக்கு அடியில வெள்ளையா மாத்திரை மாதிரி முட்டைய வச்சுக்கிட்டுத் திரியுமே, அது மாதிரிதானே இருக்கு?’ என்றாள். தேடிப் பார்த்தால் அம்மா சொன்னது சரி. நம் ஊர் வீடுகளில் சுவரில் ஓடும் அந்தப் பெரிய பழுப்புச் சிலந்தியும் ஹண்ட்ஸ்மேன் குடும்பம்தான். முட்டைப் பையைத் தட்டையான வில்லை போல உடம்போடு சேர்த்துச் சுமப்பது அதன் வழக்கம். ஒன்பதாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து நான் அலறியது சொந்தக்காரனைப் பார்த்து. அம்மாவுக்கு நன்றி, அதைவிட அந்தக் காலண்டரைக் கடைசிவரை கழற்றாமல் இருந்ததற்கு.

மேஸ் ஹில்லில் இருக்கும் சிட்னி முருகன் கோவிலில் ஒரு வெள்ளிக்கிழமை பிரசாத வரிசையில் நின்றபோது அறிமுகமான அக்காவை இங்கே சொல்ல வேண்டும். அவர் வன்னிப் பக்கம். நான் புலம்பியதை முழுக்கக் கேட்டுவிட்டு, ‘தம்பி, எங்கட மாங்குளத்தில புலிமுகச் சிலந்தி எண்டு ஒண்டு இருக்கு. அதப் பாத்தா இத நீங்கள் மடியில வச்சிருப்பியள்’ என்றார். பொய் இல்லை. மரப்பொந்துகளில் வாழும் அந்த இனத்தில் ஒன்று மாங்குளம் பக்கம் கிடைத்ததைத்தான் புது இனம் என்று அறிவித்தார்கள். கால் விரித்தால் இருபது சென்டிமீட்டர் வரும். அந்த அக்கா கிண்டல் செய்யவில்லை. செருப்பை வெளியே விட்டால் உதறிப் போடுங்கள், கையுறை இல்லாமல் தோட்டத்தில் கல்லைப் புரட்டாதீர்கள், பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிளை இரவு உள்ளே எடுத்து வையுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் பட்டது எங்கே, நான் பட்டது எங்கே. அதை அவர் ஒரு சொல்லில் கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்தது பூச்சி மருந்து அடிப்பவர். முதலில் நான் கூப்பிட்ட நிறுவனம் வீட்டைப் பார்க்காமலேயே போனில் ஒரு பெரிய தொகை சொன்னது. வருடத்துக்கு நான்கு முறை அடிக்க வேண்டும் என்றது. சரி என்று சொல்லும் நிலையில்தான் இருந்தேன். மனைவிதான் இன்னொருவரிடம் கேட்போம் என்றாள். வந்தவர் டார்ச் எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றினார். ‘மருந்து அடித்தால் எனக்குக் காசு வரும், உங்களுக்கு ஹண்ட்ஸ்மேன் வருவது நிற்காது’ என்றார். அது ஓரிடத்தில் தங்குவதில்லை, நுனிக்காலில் நடப்பதால் தரையில் அடித்த மருந்து அதன் உடம்பில் அதிகம் படுவதுமில்லை என்று விளக்கினார். பின்வாசல் கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அதற்கு ஒரு பிரஷ் பட்டை அடித்துக் கொடுத்தார். சுவரோரம் அடுக்கியிருந்த விறகைத் தள்ளி வைக்கச் சொன்னார். வாசல் விளக்கை இரவு முழுக்க எரியவிடாதீர்கள், விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும் என்றார். வந்து பார்த்ததற்கும் பட்டைக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டார். இந்தப் பட்டைக்காக வீட்டு ஏஜெண்டுக்கு நான் ஏற்கெனவே மூன்று மெயில் போட்டிருந்தேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை, அவருக்கு இந்த மடலில் இடமும் இல்லை.

இதற்கு நடுவில் மற்ற ஜீவராசிகளும் வந்துபோயின. ஓட்டின் மேல் நள்ளிரவில் திருடன் நடக்கிறான் என்று நினைத்தது போசம் என்ற மரமேறும் விலங்கு. டிசம்பரில் காதைக் கிழித்தது சிக்காடா என்ற சிள்வண்டு. ஒருநாள் குப்பைத்தொட்டி ஓரத்தில் பாம்பு என்று நான் குதித்தது நீலநாக்குப் பல்லி. அதுவும் நம் அரணைக் குடும்பம்தானாம். அரணை கடித்தால் மரணம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவனுக்கு அது நத்தை தின்னும் சாது, விஷமே கிடையாது என்று எதிர்வீட்டம்மா சொன்னதை ஏற்க ஒரு வாரம் பிடித்தது. வெள்ளைவால் சிலந்தி கடித்தால் சதை அழுகிவிடும் என்று இங்கே அலுவலகத்திலும் சொல்கிறார்கள். கடித்தது அதுதான் என்று உறுதியான 130 பேரைப் பின்தொடர்ந்து பார்த்து, ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை என்று ஆய்வாளர்கள் 2003-லேயே எழுதிவிட்டார்கள். எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டால் உதட்டில் புண் வரும் என்று நம் ஊரில் சொல்வது ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த விஷயத்தில் எல்லா ஊரும் ஒன்றுதான்.

ஆனால் ரெட்பேக் சிலந்தியின் விஷம் வெறும் கட்டுக்கதை இல்லை. போன வருடம் மார்ச்சில், குப்பைத்தொட்டியின் கைப்பிடிக்கு அடியில் விரலைக் கொடுத்தபோது சுருக்கென்றது. முள் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் பட்டாணி அளவு கருப்பு உருண்டை, முதுகில் குங்குமக் கோடு. அரைமணி நேரத்தில் வலி விரலிலிருந்து முழங்கைக்கு ஏறியது. கடித்த இடத்தைச் சுற்றி மட்டும் முத்து முத்தாக வியர்த்தது. அதை இன்றும் கண்ணை மூடினால் பார்க்கலாம்.

13 11 26. விஷத் தகவல் மைய எண். இதைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தது மனைவி. மறுமுனையில் பேசிய பெண்ணின் பெயர் தெரியாது, குரல் மட்டும் தெரியும். என்ன நிறம், எத்தனை மணிக்கு, வலி எங்கே நிற்கிறது, குமட்டுகிறதா, மூச்சு எப்படி என்று நிதானமாகக் கேட்டார். நான் அதற்குள் கையில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தேன். கழற்றச் சொன்னார். ரெட்பேக் விஷம் மெதுவாகத்தான் பரவும், கட்டினால் வலிதான் கூடும், ஐஸ் வையுங்கள் என்றார். வீட்டில் ஐஸ் இல்லை. இந்தியக் கடையில் வாங்கிய உறைந்த முருங்கைக்காய் பொட்டலம் இருந்தது. அதை வைக்கலாமா என்று கேட்டதும் ஒரு நொடி அமைதி. துணியில் சுற்றி வையுங்கள், அது என்ன காய் என்றார். வலி தாங்க முடியாமல் போனாலோ, உடம்பு முழுக்க வியர்த்தாலோ, வாந்தி வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இதற்கான மாற்றுமருந்து 1956-லிருந்தே இருக்கிறது என்று தைரியம் சொன்னார். ஆஸ்பத்திரிவரை போக வேண்டியிருக்கவில்லை. விடியும்போது வலி மணிக்கட்டுக்கு இறங்கியிருந்தது. அந்தக் குரலுக்கு நன்றி. அந்த முருங்கைக்காயைப் பிறகு யாரும் சாம்பாரில் போட ஒப்புக்கொள்ளவில்லை.

அன்றைக்கே மனைவி குளிர்பதனப் பெட்டித் தாளில் இரண்டு வரி சேர்த்தாள். ‘சிவப்புக் கோடு: ஐஸ், கட்டு வேண்டாம். பளபளக் கருப்பு: அகலக் கட்டு, அசையக் கூடாது, உடனே 000.’ 000 இங்கே அவசர உதவி எண்.

இப்போது பளபளக் கருப்பு, அதாவது முதலில் சொன்ன ஃபனல்வெப். போன வாரம் இரண்டு நாள் மழை. திங்கள் மாலை துணி துவைக்கும் அறை வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஐந்து வயது. கத்தவில்லை, கிட்டே போகவில்லை. ‘அப்பா, நான் தொடல. அது ஷைனியா இருக்கு. பெரியவங்க வரணும்’ என்றாள். இதைக் கற்றுக்கொடுத்தது அவள் பள்ளி ஆசிரியை. தொடாதே, தள்ளி நில், பெரியவர்களைக் கூப்பிடு. என் வாழ்க்கையில் எனக்கு யாரும் இப்படிச் சொல்லித்தந்ததில்லை. ஓடு என்றார்கள், அல்லது அடி என்றார்கள். அந்த ஆசிரியைக்கு நான் எப்படி நன்றி சொன்னாலும் போதாது.

என் ஷூவிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. நெருங்கியதும் முன்கால்களைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. பல் நுனியில் ஒரு துளி மின்னியது. கை நடுங்கியது, மறைக்கவில்லை. பாட்டிலைப் படுக்கவைத்து, நீளமான அளவுகோலால் பின்னாலிருந்து தள்ளினேன். உள்ளே போனதும் நிமிர்த்தினேன். வழவழப்பான சுவரில் அதற்கு ஏறத் தெரியாது என்பது படித்த விஷயம். மூடி போடும்வரை நம்பவில்லை. மூடியில் துளை, உள்ளே ஈரமண். நன்றாகக் கழுவியும் மாங்காய் வாசனை போகவில்லை.

இவற்றைக் கொல்லாமல் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்பது சாமர்ஸ்பியில் இருக்கும் ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க். அங்கே ஆண் சிலந்திகளிடமிருந்து விஷம் எடுத்து மாற்றுமருந்து தயாரிக்க அனுப்புகிறார்கள். பொதுமக்கள் கொண்டுவருவதை வாங்கி அனுப்பி வைக்கும் இடங்கள் அங்கங்கே உண்டு. நான் போன இடத்தில் இருந்தவர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டாவது ஜோடிக் காலில் நீட்டிக்கொண்டிருந்த சிறு முள்ளைக் காட்டி, ஆண் என்றார். பெண் தேடி மழை ஓய்ந்ததும் கிளம்புவது இவர்கள்தான், விஷத்தின் வீரியம் அதிகமும் இவர்களுக்குத்தான். மாற்றுமருந்து வருவதற்கு முன் இந்தச் சிலந்தியால் 13 பேர் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. மெல்போர்னில் டாக்டர் ஸ்ட்ருவன் சதர்லேண்டின் குழு அதைத் தயாரித்து, 1981-இல் முதன்முதலாக ஒருவருக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் இறக்கவில்லை. அந்த மருந்து முயல்களின் ரத்தத்திலிருந்து வருகிறது. ஆக டாக்டருக்கும் நன்றி, முயல்களுக்கும் நன்றி. இதைக் கேட்டதிலிருந்து மகள் தன் முயல் பொம்மையை டாக்டர் என்று கூப்பிடுகிறாள்.

என் மனைவிக்குத் தனியாக நன்றி சொல்லவில்லையே என்று யாராவது கேட்கலாம். அவள்தான் இதைத் தட்டச்சுப் பிழை பார்த்தாள். ‘விளக்குமாறு’ வரியை எடுக்கச் சொன்னேன், மறுத்துவிட்டாள்.

நேற்று அந்த ஐஸ்கிரீம் டப்பாவை எதிர்வீட்டில் திருப்பிக் கொடுத்தேன். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் பழக்கம் நமக்கு இல்லையே, முறுக்குச் சுற்றி நிரப்பியிருந்தாள் மனைவி. வாங்கிக்கொண்டு, ஒன்றை அங்கேயே நின்று கடித்துப் பார்த்து, தலையை ஆட்டினார். இன்று காலையில் பார்த்தால் டப்பா கழுவித் துடைத்து எங்கள் வாசற்படியில் இருக்கிறது. உள்ளே ஒரு புது வாழ்த்து அட்டை. கோடை இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, இதுவும் உங்களிடமே இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறார்.